இரண்டாவது டிஸ்க்கை லினக்ஸில் மவுண்ட் செய்வது: பூட் ஏன் நின்றது, ஃபைல்கள் எங்கே போயின?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் கணினியில் இரண்டாவதாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்து, எக்ஸ்ட்4-ஆக (லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ஃபைல் சிஸ்டம்) ஃபார்மேட் செய்து, /டேட்டா என்ற டைரக்டரியில் மவுண்ட் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் தானாக ஏற வேண்டும் என்பதற்காக எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும் என்று எழுதி வைக்கும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃைபல்) /டெவ்/எஸ்டிபி1 என்று தொடங்கும் வரி ஒன்றைச் சேர்த்தீர்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்த நிலையில் ரீஸ்டார்ட் செய்ததும் எமர்ஜென்சி மோடில் (பூட் முடியாதபோது பழுதுபார்க்கக் கிடைக்கும் வெறும் கட்டளைத் திரை) போய் நின்றுவிட்டது. அதற்கு முன்பே இன்னும் இரண்டு தொல்லைகள் இருந்திருக்கின்றன. மவுண்ட் ஆன டிஸ்க்கில் சாதாரண யூசராக எழுதப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’. முன்பு /டேட்டாவுக்குள் வைத்திருந்த சில ஃபைல்களையும் காணோம்.

மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். மவுண்ட் பாயிண்ட் என்பது வெறும் டைரக்டரி. டிஸ்க் அதன் மேல் போர்த்தப்படுகிறது, அவ்வளவே. போர்வை இருக்கும்போது ஒன்று நடக்கும், இல்லாதபோது வேறொன்று நடக்கும். அதனால் எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதும்போது ‘இந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும்’ என்பதோடு, ‘இந்த டிஸ்க் இல்லாமல் போனால் கணினி என்ன செய்ய வேண்டும்’ என்பதற்கும் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை யோசிக்காமல் எழுதினால் ஒருநாள் இப்படித்தான் ஆகும். எனக்கும் ஆகியிருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

(கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகத் தட்டுங்கள். மவுண்ட் ஆனதை இறக்க, ‘யூமவுண்ட்’ என்று நான் எழுதும் கட்டளையில் ‘யூ’வுக்குப் பின் ‘என்’ எழுத்து கிடையாது. ‘அன்மவுண்ட்’ என்று முழுதாகத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஷெல் சொல்லிவிடும். முதன்முதலில் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் அது.)

பெர்மிஷன் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் பார்த்தாலே மற்ற இரண்டும் பாதி புரிந்துவிடும். டிஸ்க்கை யூமவுண்ட் செய்துவிட்டு ‘எல்எஸ் -எல்டி /டேட்டா’ என்று தட்டிப் பாருங்கள். அந்த டைரக்டரியின் ஓனர் யார் என்று தெரியும். இப்போது ‘சூடோ சிஹெச்ஓன்’ போட்டு அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு டிஸ்க்கை மவுண்ட் செய்து அதே எல்எஸ் கட்டளையை மறுபடி தட்டுங்கள். ஓனர் ரூட் (கணினியின் நிர்வாகி யூசர்) என்று வரும். ஒரு நொடிக்கு முன்பு நீங்கள் மாற்றியது எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, அடியில் இருக்கிறது. நீங்கள் மாற்றியது ரூட் பார்ட்டிஷனில் (‘/’ ஆக ஏறியிருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்; ரூட் யூசர் வேறு) உள்ள /டேட்டா டைரக்டரியை. மவுண்ட் ஆன பிறகு அதே பெயரில் உங்களுக்குத் தெரிவது புதிய டிஸ்க்கின் உச்சி டைரக்டரி. ஃபார்மேட் செய்தபோது அது ரூட்டின் பெயரில் உருவானது. எனவே விதி எளிது: முதலில் மவுண்ட், பிறகு சிஹெச்ஓன். ஒருமுறை செய்தால் போதும், அந்த உரிமை டிஸ்க்கிலேயே பதிந்துவிடும். கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கூடவே போகும். (போவது பெயர் அல்ல, எண். இங்கே 1000 என்ற எண்ணுள்ள யூசர் நீங்கள் என்றால், அங்கே 1000 யாரோ அவருக்கே அது சொந்தம்.)

பலர் கடுப்பில் 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பெர்மிஷன், கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் சிஹெச்ஓன் போதும். பலர் என்றால் ஒரு குரூப் உருவாக்கி, உச்சி டைரக்டரியை அந்தக் குரூப்புக்குக் கொடுத்து, 2775 என்று பெர்மிஷன் வையுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் புதிய ஃபைல்களும் அதே குரூப்பில் பிறக்கும்படி பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வழியும் சுற்றிக்கொண்டிருக்கிறது: எஃப்எஸ்டேப்பில் யூஐடி=1000 என்று ஆப்ஷன் சேர்ப்பது. அது எக்ஸ்ட்4-க்கு இல்லை. சேர்த்தால் மவுண்டே ஆகாது. லினக்ஸ் உரிமைகளைத் தன்னுள் வைத்திருக்கத் தெரியாத ஃபேட், எக்ஸ்ஃபேட் போன்றவற்றுக்கும், என்டிஎஃப்எஸ்ஸுக்கும்தான் அந்த ஆப்ஷன் வேண்டும். அங்கே சிஹெச்ஓன் வேலைக்கு ஆகாது. மவுண்ட் செய்யும்போதே யார் பெயரில், என்ன பெர்மிஷன் மாஸ்க்கில் என்று சொல்லிவிட வேண்டும். உங்கள் எண்ணைப் பார்க்க ‘ஐடி’ என்று தட்டினால் போதும். விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் திடீரென்று ரீட்-ஒன்லியாக ஏறினாலோ, ஏறவே மறுத்தாலோ, லினக்ஸ் பக்கம் குடையும் முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்து பாருங்கள். அது உண்மையில் ஷட்டவுன் ஆகாமல் பாதி ஹைபர்னேட் ஆகியிருக்கும்.

அடுத்து, பூட் ஏன் நின்றது. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்பவை டிஸ்க்கின் பெயர்கள் அல்ல, வரிசை எண்கள். கெர்னல் எதை முதலில் கண்டதோ அது ஏ, அடுத்தது பி. யூஎஸ்பி டிஸ்க் முந்திக்கொண்டால் அதுதான் எஸ்டிபி. உங்கள் டிஸ்க் எஸ்டிசி ஆகிவிடும். புதிதாக எதையும் செருகாவிட்டாலும்கூட, பல டிஸ்க்குகள் உள்ள கணினியில் இரண்டு பூட்டுகளுக்கு இடையே வரிசை மாறலாம், ஏனென்றால் கெர்னல் அவற்றை ஒரே நேரத்தில் தேடுகிறது. உங்கள் விஷயத்தில் யூஎஸ்பி டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன் ஃபேட் வகையாக இருந்திருக்க வேண்டும். எஃப்எஸ்டேப் எக்ஸ்ட்4 என்கிறது, உள்ளே இருப்பது வேறு, மவுண்ட் தோற்றது, பூட் நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இது நல்ல காலம். அந்த யூஎஸ்பி டிஸ்க்கும் எக்ஸ்ட்4-ஆக இருந்திருந்தால் சத்தமில்லாமல் /டேட்டாவில் ஏறியிருக்கும். நீங்கள் பல நாள் தவறான டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இதற்கு மருந்து யூயூஐடி. ஃபார்மேட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்தின் சூப்பர்பிளாக்கில் (தன்னைப் பற்றிய விவரங்களை அது வைத்திருக்கும் பகுதி) எழுதப்படும் 128 பிட் எண் அது. டிஸ்க்கை எந்த போர்ட்டில் மாட்டினாலும் மாறாது. ‘சூடோ பிஎல்கேஐடி’ அல்லது ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ தட்டினால் தெரியும். எனக்கு எல்எஸ்பிஎல்கே பிடிக்கும். எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன், எது எங்கே ஏறியிருக்கிறது என்று மரம் போலக் காட்டுகிறது. பிஎல்கேஐடி பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை: ஒரே வரியில் யூயூஐடி, பார்ட்யூயூஐடி என்று இரண்டு எண்கள் இருக்கும். பின்னது பார்ட்டிஷன் டேபிளில் உள்ள எண், முன்னது ஃபைல் சிஸ்டத்தின் எண். அவசரத்தில் பின்னதை காப்பி செய்து ‘யூயூஐடி=’ என்று ஒட்டிவிட்டு, டிஸ்க் ஏன் கிடைக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

யூயூஐடிக்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. மறுபடி ஃபார்மேட் செய்தால் எண் மாறிவிடும். எஃப்எஸ்டேப்பையும் மாற்ற வேண்டும். டிடி கட்டளையால் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே எண் வந்து எது ஏறும் என்பது அதிர்ஷ்டமாகிவிடும். அப்போது பிரதியின் எண்ணை ‘டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்’ என்று மாற்றிவிடுங்கள் (இந்த ‘யூ’ மட்டும் பெரிய எழுத்து). எண்ணுக்குப் பதிலாக லேபிளும் பயன்படுத்தலாம். எக்ஸ்ட்4-இல் 16 பைட் வரை பெயர் வைக்கலாம், படிக்கவும் சுலபம். ஆனால் ‘பேக்கப்’, ‘டேட்டா’ என்று பொதுவான பெயர் வைத்தால், அதே பெயருள்ள இன்னொரு டிஸ்க் ஒருநாள் வந்து சேரும். நான் யூயூஐடியையே பயன்படுத்துகிறேன். மேலே ஒரு கமெண்ட் வரியில் அது எந்த டிஸ்க் என்று எழுதி வைத்துவிடுவேன்.

உங்கள் வரி இப்படி இருக்கட்டும்:

யூயூஐடி=(நீங்கள் பார்த்த எண்) /டேட்டா எக்ஸ்ட்4 டீஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

ஆறு புலங்கள், நடுவில் ஸ்பேஸ் அல்லது டேப், எத்தனை வேண்டுமானாலும். ஆப்ஷன்களுக்கு இடையே மட்டும் கமாவுக்குப் பின் ஸ்பேஸ் விடக்கூடாது. விட்டால் அங்கேயே அடுத்த புலம் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் மவுண்ட் பாயிண்ட்டின் பெயரிலும் ஸ்பேஸ் வைக்க முடியாது. தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும். தவிர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஐந்தாவது புலத்தின் 0 ஒரு பழைய எச்சம். எஃப்எஸ்டேப் 1980-இல் வந்த 4.0 பிஎஸ்டி காலத்துச் சமாச்சாரம். டம்ப் என்ற பேக்கப் கட்டளைக்காக அந்தப் புலம் இருந்தது. இன்று அதை யாரும் சீந்துவதில்லை, 0 போடுங்கள். ஆறாவது, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே பூட்டின்போது ஓடும் வரிசை: ரூட்டுக்கு 1, மற்ற எக்ஸ்ட்4 டிஸ்க்குகளுக்கு 2, வேண்டாம் என்றால் 0. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்களுக்கும் 0 போடலாம். பூட் நேரச் சோதனை அவற்றுக்கு எதுவும் செய்யாது.

ஆப்ஷன்களில் ‘டீஃபால்ட்ஸ்’ என்பது எழுதலாம், புரோகிராம் ஓட்டலாம், பூட்டில் தானாக ஏறும் என்பன போன்றவற்றின் தொகுப்பு. நோஏடைம் (ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தைப் பதியாமல் விடும் ஆப்ஷன்) சேர்த்தால் வேகம் கூடும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2009-இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து, அந்த நேரத்தை அவசியமானபோது மட்டும் பதியும் ரெல்ஏடைம் தானாகவே நடப்பில் இருப்பதால், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நேரத்தைப் பதிந்துகொண்டிருந்த அந்தக் காலத்துத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. சேர்த்தாலும் தவறில்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மற்றவர்கள் கொண்டுவரும் டிஸ்க்குகளுக்கு நோஎக்ஸெக் (புரோகிராம் ஓடாது), நோஸூயிட் (வேறு யூசரின் அதிகாரத்தோடு ஓடும் குறி செல்லாது), நோடெவ் (டிவைஸ் ஃபைல்கள் செல்லாது) மூன்றும் நல்ல காவல்.

இப்போது மையமான ஆப்ஷன்: நோஃபெயில். அது இல்லாமல் எழுதிய வரியை ‘இந்த டிஸ்க் இல்லாமல் கணினி கிளம்பக்கூடாது’ என்றே சிஸ்டம்டி (பூட்டின்போது எல்லாவற்றையும் வரிசையாகக் கிளப்பும் புரோகிராம்) படிக்கிறது. டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருக்கும். பிறகும் வராவிட்டால் எமர்ஜென்சி மோடு. ரூட்டுக்கும் /ஹோம் போன்றவற்றுக்கும் இது நியாயம்தான். ஹோம் இல்லாமல் பாதி உயிரோடு கிளம்புவதைவிட நிற்பது மேல். படங்கள் வைத்திருக்கும் கூடுதல் டிஸ்க் ஒன்று பழுதானதற்காக, எங்கோ தொலைவில் இருக்கும் சர்வர் கிளம்பாமல் நின்று, எஸ்எஸ்ஹெச்சும் கிடைக்காமல் போவது நியாயமில்லை. அந்த டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் போடுங்கள். நெட்வொர்க் டிஸ்க்குக்கு அதோடு, நெட்வொர்க் வந்த பிறகே ஏற்றச் சொல்லும் _நெட்டெவ் சேருங்கள். அல்லது எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் போட்டுவிட்டால் யாராவது அந்த டைரக்டரியைத் தொடும்போது மட்டும் ஏறும். பூட் அதற்காகக் காத்திருக்காது.

ஆனால் நோஃபெயில் பூட்டைக் காப்பாற்றும், டேட்டாவைக் காப்பாற்றாது. எனக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வர் ஒன்றில் தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் எல்லாவற்றையும் /பேக்கப்பில் ஏறியிருக்கும் வெளி டிஸ்க்குக்கு எடுக்கும். நோஃபெயில் போட்டிருந்தேன், பெருமையாகவே. ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு கேபிள் சரியாகப் பிடிக்காததால் டிஸ்க் ஏறவில்லை. பூட் நிற்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. இரவு ஸ்கிரிப்ட் ஓடியது. /பேக்கப் என்ற டைரக்டரி இருக்கிறதா? இருக்கிறது. எழுத முடிகிறதா? முடிகிறது. எழுதித் தள்ளிவிட்டது, ரூட் பார்ட்டிஷன் நிரம்பும்வரை. காலையில் டேட்டாபேஸ் நின்று போயிருந்தது. நான் போய் கேபிளை அழுத்தி, டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டு, ரூட்டில் இடத்தை அடைப்பது எது என்று தேடத் தொடங்கினேன். நிரம்பிய அளவைக் காட்டும் ‘டிஎஃப்’ 100 சதவீதம் என்கிறது. ஃபைல்களின் அளவைக் கணக்கிடும் ‘டியூ -எக்ஸ்’ மொத்தத்தைக் கூட்டினால் அதில் கால்வாசிகூட வரவில்லை. அழிக்கப்பட்டும் எந்த புரோகிராமோ பிடித்து வைத்திருக்கும் ஃபைலாக இருக்கும் என்று எல்எஸ்ஓஎஃப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது: இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஃபைல்கள், நானே சற்றுமுன் மேலே போர்த்திய டிஸ்க்குக்கு அடியில் கிடக்கின்றன.

அன்றிலிருந்து மவுண்ட் பாயிண்ட் உருவாக்கும்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். டிஸ்க் ஏறாத நிலையில், காலியான அந்த டைரக்டரியைப் பூட்டிவிடுவேன்: ‘சூடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /டேட்டா’. இதற்குப் பிறகு ரூட்டால்கூட அதற்குள் ஒரு ஃபைல் உருவாக்க முடியாது. மவுண்ட் செய்வதை இந்தப் பூட்டு தடுக்காது; டிஸ்க் ஏறியதும் எல்லாம் வழக்கம்போல. ஏறாவிட்டால் எழுத வரும் ஸ்கிரிப்ட் சத்தமாகத் தோற்கும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். உங்கள் ரூட் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எதுவானாலும் இது வேலை செய்யும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் நீங்களே என்றால் தொடக்கத்தில் ‘மவுண்ட்பாயிண்ட் -கியூ /பேக்கப்’ என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸ், கன்டெய்னர் போன்ற சர்வீஸ்கள் அந்த டிஸ்க்கில் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நோஃபெயில் போட்ட மவுண்ட்டுக்காக பூட் வரிசை காத்திருப்பதில்லை. டிஸ்க் நல்லபடியாகவே இருந்தாலும், அது ஏறுவதற்குச் சில நொடிகள் முன்பே சர்வீஸ் கிளம்பி, காலி டைரக்டரியைப் பார்த்துவிட்டு ‘ஓ, புது இன்ஸ்டால்’ என்று எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கத் தொடங்கலாம். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கட்டளையால் அந்த சர்வீஸைத் திறந்து, யூனிட் பிரிவின் கீழ் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா’ என்று ஒரு வரி சேர்த்தால், டிஸ்க் ஏறிய பிறகே அது கிளம்பும். டிஸ்க் இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது.

இவ்வளவும் எழுதிய பிறகு ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது சோதனை அல்ல, சூதாட்டம். முதலில் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’. யூயூஐடி தவறா, டைரக்டரி இல்லையா, ஆப்ஷனில் எழுத்துப்பிழையா என்று வரிவரியாகச் சொல்லிவிடும். பிறகு ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிஸ்டம்டி உங்கள் எஃப்எஸ்டேப்பை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அதைப் படித்துத் தனக்கென யூனிட்டுகளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஃபைலை மாற்றியது ரீலோட் செய்யும்வரை அதற்குத் தெரியாது. பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதை அதே மவுண்ட் பாயிண்ட்டில் ஏற்றும்போது இது விளையாடும்: மவுண்ட் கட்டளை பிழையில்லாமல் முடியும், டைரக்டரியைப் பார்த்தால் காலி. பழைய டிஸ்க்கையே எதிர்பார்த்து, அது இல்லை என்று நினைக்கும் சிஸ்டம்டி, நீங்கள் ஏற்றியதை அடுத்த கணமே இறக்கிவிட்டிருக்கும். பேய் வேலை போல இருக்கும். ரீலோட் செய்தால் பேய் போய்விடும்.

அடுத்து ‘சூடோ யூமவுண்ட் /டேட்டா’, அதன்பின் ‘சூடோ மவுண்ட் -ஏ’. யூமவுண்ட் செய்யாமல் நேராக மவுண்ட் -ஏ தட்டினால் பயனில்லை. ஏற்கெனவே ஏறியிருப்பதை அது தாண்டிப் போய்விடும், உங்கள் புதிய வரி சோதிக்கப்படாது. எல்லாம் சரி என்றால் அது வாயே திறக்காது. ‘ஃபைண்ட்எம்என்டி /டேட்டா’ தட்டி, எந்த டிஸ்க், என்ன ஆப்ஷன்களோடு ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

யூமவுண்ட் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று அடம்பிடித்தால், பத்தில் எட்டு முறை இன்னொரு டெர்மினலில் நீங்களே அந்த டைரக்டரிக்குள் சிடி செய்து உட்கார்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் ‘சூடோ ஃபியூசர் -விஎம் /டேட்டா’ யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். ‘யூமவுண்ட் -எல்’ என்ற சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. அது பெயரை மட்டும் உடனே அவிழ்த்துவிட்டு, பிடித்திருப்பவர் விடும்வரை ஃபைல் சிஸ்டத்தை உள்ளே உயிரோடு வைத்திருக்கும். கட்டளை முடிந்துவிட்டதே என்று டிஸ்க்கைப் பிடுங்கினால் டேட்டா போகலாம். தொங்கிப்போன நெட்வொர்க் டிஸ்க்கைத் தவிர வேறெதற்கும் நான் அதைத் தொடுவதில்லை.

இப்போது எமர்ஜென்சி மோடில் நிற்கும் உங்கள் கணினி. மெயின்டனன்ஸுக்காக ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். கொடுத்து உள்ளே போனதும் ‘ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி’ பார்த்தால் எந்த மவுண்ட் தோற்றது என்று சிவப்பில் இருக்கும். எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து அந்த வரியின் முன்னால் # போட்டு சேவ் செய்து, ரீபூட். சேவ் செய்ய விடாமல் ரீட்-ஒன்லி என்று சொன்னால் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ தட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். சில டிஸ்ட்ரோக்களில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும். பாஸ்வேர்டே கிடையாது, அந்தத் திரையில் எதுவும் செய்ய முடியாது. அப்போது லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, உங்கள் ரூட் பார்ட்டிஷனை /எம்என்டியில் மவுண்ட் செய்து, /எம்என்டி/ஈடிசி/எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். லைவ் யூஎஸ்பியின் சொந்த /ஈடிசி/எஃப்எஸ்டேப்பைத் திருத்திவிட்டு, ஏன் மாறவில்லை என்று நானே ஒருமுறை விழித்திருக்கிறேன். யூஎஸ்பி கையில் இல்லையென்றால், பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து பூட் செய்யலாம். அங்கே ரூட் பெரும்பாலும் ரீட்-ஒன்லியாகவே இருக்கும், ரீமவுண்ட் செய்ய மறக்காதீர்கள். உங்களுடைய இன்றைய பிரச்சினைக்கு இதைவிட எளிய வழியும் இருக்கிறது: யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எஸ்டிபி மறுபடி உங்கள் டிஸ்க்காகவே வரக்கூடும். வந்ததும் முதல் வேலையாக வரியை யூயூஐடிக்கு மாற்றிவிடுங்கள்.

மவுண்ட் பாயிண்ட்டை எங்கே வைப்பது என்பதற்குப் பெரிய சாஸ்திரம் இல்லை. /எம்என்டி தற்காலிக வேலைக்கு. நான் இங்கேயே இரண்டு இடங்களில் அப்படிப் பயன்படுத்தச் சொல்கிறேன், எனவே நிரந்தர டிஸ்க்கை நேராக அதன் மேல் ஏற்றாதீர்கள். /மீடியா, செருகிக் கழற்றும் டிஸ்க்குகளுக்குப் பல டிஸ்ட்ரோக்களில் டெஸ்க்டாப் தானாகப் பயன்படுத்தும் இடம். நீங்கள் வைத்த /டேட்டா சரியான தேர்வுதான்.

கடைசியாக, காணாமல் போன ஃபைல்கள். இதற்குள் நீங்களே ஊகித்திருப்பீர்கள்: டிஸ்க்கை முதன்முதலில் மவுண்ட் செய்யும் முன்பு /டேட்டாவுக்குள் வைத்தவை, ரூட் பார்ட்டிஷனில் அப்படியே இருக்கின்றன. டிஸ்க்கை இறக்கினால் தெரியும். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, இறக்க முடியாது என்றால் பைண்ட் மவுண்ட் இருக்கிறது:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி

இது ரூட் ஃபைல் சிஸ்டத்தை இன்னொரு இடத்திலும் காட்டுகிறது. சாதாரண பைண்ட், தன் மேல் போர்த்தியிருக்கும் மற்ற மவுண்ட்டுகளைக் கூடவே கொண்டுவருவதில்லை. (ஆர்பைண்ட் கொண்டுவரும், அது இங்கே வேண்டாம்.) எனவே /எம்என்டி/டேட்டாவுக்குள் போனால் போர்வைக்கு அடியில் உள்ள பழைய டைரக்டரி தெரியும். என்னுடைய நிரம்பிய ரூட்டையும் இப்படித்தான் காலி செய்தேன். உங்கள் ஃபைல்களை அங்கிருந்து /டேட்டாவுக்கு ‘ஆர்சிங்க் -ஏ’ மூலம் நகலெடுங்கள். அதே பெயரில் புதிய ஃபைல்கள் மேலே இருக்கலாம் என்பதால் --இக்னோர்-எக்ஸிஸ்டிங் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு அடியில் உள்ளதை அழியுங்கள். அழிக்கும் முன் பாதை /எம்என்டி/டேட்டா என்றுதான் தொடங்குகிறதா, வெறும் /டேட்டா அல்லவே என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். காலியானதும், இறக்கும் முன்பே, ‘சூடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டேட்டா’ தட்டிப் பூட்டிவிட்டு, பிறகு ‘சூடோ யூமவுண்ட் /எம்என்டி’.